பாபிலோனில் போடப்பட்ட சிங்காசனம்

இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தைத் தொடர்ந்து வாசித்து வருவோர் அதன் இறுதியை எட்டும்போது சற்றே திகைப்பதுண்டு. எருசலேமின் அலங்கங்கள் இடிக்கப்பட்டன. ஆலயம் எரிந்து போயிற்று. சிதேக்கியா தன் குமாரர் வெட்டுண்டதைக் கண்ட பின்பு கண்களை இழந்தான். மீதியானோரைப் பராமரிக்க வைக்கப்பட்ட கெதலியாவும் மிஸ்பாவிலே கொலையுண்டான். ஜனங்கள் அஞ்சி எகிப்துக்கு ஓடினார்கள். நூல் இவ்விடத்தில் முடிந்திருந்தால் நாம் வியப்படைய மாட்டோம். ஆனால் ஆசிரியர் ஏறக்குறைய 25 ஆண்டுகளைத் தாண்டிச் சென்று, நான்கே வசனங்களில் முற்றிலும் வேறான ஒரு செய்தியைக் கூறிவிட்டு எழுதுகோலை வைத்துவிடுகிறார் (2 இராஜா. 25:27-30).

அச்செய்தி யோயாக்கீனைப் பற்றியது. யூதாவின் அரசனாக மூன்று மாதமே இருந்து, தன் 18ஆம் வயதில் சிறைப்பட்டுச் சென்றவன் அவன். எகொனியா என்றும் கோனியா என்றும் திருமறை வேறிடங்களில் அழைப்பது இவனையே. சிறையிருப்பின் 37ஆம் ஆண்டில், நேபுகாத்நேச்சாரின் குமாரனாகிய ஏவில்மெரொதாக் அரசனானபோது, இவனைச் சிறையினின்று விடுவித்தான், அன்போடு பேசினான், பாபிலோனிலிருந்த மற்ற அரசர்களின் இருக்கைகளைவிட உயர்ந்த இருக்கையை இவனுக்குக் கொடுத்தான். சிறையுடை மாற்றப்பட்டது. எஞ்சிய நாளெல்லாம் அரசனின் பந்தியிலே போஜனமும், அநுதினப் படியும் கிடைத்தன. அப்போது அவனுக்கு வயது 55. இழந்த சிங்காசனத்துக்கு உரியவன் ஒருவன் இன்னும் உயிரோடிருக்கிறான் என்பதைச் சொல்லி அரசர்களின் வரலாறு நிற்கிறது. இவ்வுரிமையைக் கொண்டு திருமறை ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்பதே நம் கேள்வி.

இந்நான்கு வசனங்களைப் பற்றி அறிஞர் இருவரிடையே எழுந்த கருத்து வேறுபாட்டை இறையியல் மாணவர் அறிவர். இது நம்பிக்கையூட்டும் முடிவன்று, தனக்குத் தெரிந்த கடைசிச் செய்தியை ஆசிரியர் பதிந்து வைத்தார், அவ்வளவே என்று மார்ட்டின் நோத் 1943இல் எழுதினார். தாவீதின் விளக்கு அணைந்துவிடவில்லை, மேசியாவைப் பற்றிய எதிர்பார்ப்பின் கதவு இங்கே சிறிது திறந்து வைக்கப்பட்டிருக்கிறது என்று கெர்ஹார்ட் ஃபொன் ராட் 1947இல் மறுமொழி கூறினார். அதன் பின்வந்த விளக்கவுரையாளர் பெரும்பாலும் இவ்விரு கரைகளில் ஒன்றிலேயே நின்று வருகின்றனர். இருவரும் வசனங்கள் எதைச் சொல்கின்றன என்று கேட்டார்களேயன்றி, அவ்வுரிமை அந்நாளில் யார் யார் கையில் எவ்வாறு பயன்பட்டது என்று போதிய அளவு கேட்கவில்லை என்பது நம் எண்ணம்.

சிறைப்பட்ட அரசனின் பெயர்

முதலாவது, நடந்தது என்ன என்பதைக் காண்போம். இவ்வரசனைப் பொறுத்தமட்டில், திருமறைக்கு வெளியேயுள்ள சான்றுகள் அரிதான தெளிவுடையவை. பாபிலோனிய நாளாகமக் களிமண் பலகையொன்றை டி. ஜே. வைஸ்மன் 1956இல் வெளியிட்டார். நேபுகாத்நேச்சார் தன் ஏழாம் ஆண்டில் யூதாவின் நகரை முற்றுகையிட்டு, ஆதார் மாதம் இரண்டாம் நாளிலே அதைப் பிடித்து, அதன் அரசனைச் சிறையாக்கி, தன் மனதுக்கேற்ற ஒருவனை அங்கே அரசனாக வைத்து, மிகுந்த திறையோடு திரும்பினான் என்று அது கூறுகிறது. நம் கணக்கில் அது கி.மு. 597 மார்ச்சு மாத நடுப்பகுதியாகும். பழைய ஏற்பாட்டு வரலாற்றில் இத்தனை திட்டமாக நாள் குறிக்கக்கூடிய நிகழ்ச்சிகள் மிகச் சில.

அதைவிட நெஞ்சைத் தொடுவது மற்றொரு சான்று. ராபர்ட் கோல்டவேயின் தலைமையில் 1899 முதல் 1917 வரை பாபிலோனில் நடந்த அகழாய்வில், அரண்மனையின் வடகிழக்கு மூலையிலிருந்த வளைவுக் கூரைக் கட்டிடமொன்றில், அரசாங்கப் பண்டகசாலையின் எண்ணெய், தானியக் கணக்குகள் கிடைத்தன. அவற்றில் சிலவற்றை எர்ன்ஸ்ட் வைட்னர் 1939இல் வெளியிட்டார். யோயாக்கீனின் பெயர் அவற்றில் வருகிறது. அவனுடைய ஐந்து குமாரரும் வருகின்றனர். ஒரு பலகை கி.மு. 592ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குமாரருக்கு ஆளுக்கு அரைச் சீலா எண்ணெய். யூதேயர் எண்மருக்கும் அதே அளவு. அரசனுக்கோ அதைவிடப் பன்மடங்கு. சீலா என்பது ஏறக்குறைய ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைந்த அளவு. அர்வாத், பிப்லோஸ் ஊர்களின் தச்சரும், கிரேக்கத் தச்சரும், அஸ்கலோன் அரசனின் குமாரரும் அதே கணக்கில் நிற்கின்றனர்.

இக்கணக்கை எழுதிய பண்டகசாலை எழுத்தனுக்குத் தாவீதின் உடன்படிக்கையைப் பற்றி எந்தக் கவலையும் இருந்திராது. ஆயினும் அவன் யோயாக்கீனின் பெயரோடு சேர்த்து எழுதிய பட்டம் "யூதா நாட்டின் அரசன்" என்பதே. எருசலேமில் சிதேக்கியா அரியணையில் வீற்றிருந்த அதே ஆண்டுகளில், பாபிலோனின் எண்ணெய்க் கணக்கில் யூதாவின் அரசன் என்று வேறொருவன் பெயர் எழுதப்பட்டு வந்தது. பாபிலோனியருக்கு இதனால் நட்டமொன்றுமில்லை. எருசலேமிலிருப்பவன் முரண்டினால் அவனுக்குப் பதிலாக அனுப்ப ஒருவன் கையிருப்பில் இருந்தான். கைதிக்குப் பட்டத்தை விட்டுவைப்பது எப்பொழுதும் இரக்கமென்று நாம் எண்ணிவிடலாகாது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. நம் நூலகங்களிலுள்ள பழைய விளக்கவுரைகளில், யோயாக்கீனின் அரச நிலங்கள் அவன் சிறைப்பட்ட பின்பும் யூதாவில் அவன் பெயராலேயே நிருவகிக்கப்பட்டு வந்தன என்ற கூற்றைக் காணலாம். 1928 முதல் தெல் பெயித் மிர்சிமிலும் வேறு இடங்களிலும் கிடைத்த ஜாடிக் கைப்பிடிகளில், யோகான் என்பவனின் ஊழியனாகிய எலியாக்கீம் என்ற முத்திரை இருந்தது. அந்த யோகான் யோயாக்கீனே என்று ஆல்பிரைட் கொண்டார். சிதேக்கியா வெறும் பதிலாள் என்றும் கருதினார். ஆனால் அந்த ஜாடிகள் எசேக்கியா அரசனின் காலத்தவை, அதாவது நூறாண்டுக்கு மேல் முந்தியவை என்று டேவிட் உசிஷ்கின் 1976இல் நிறுவினார். அழகான ஒரு கட்டிடம் சரிந்தது. இன்றும் சில அருளுரைகளில் அதன் கற்கள் பயன்படுவதைக் கேட்கிறோம். ஆகவே இதைச் சொல்ல நேர்ந்தது.

அனனியாவும் எரேமியாவும்

யோயாக்கீனின் உரிமை யூதரிடையே பெரும் பிளவை உண்டாக்கிற்று. எருசலேமில் எஞ்சியோர், நாடு எங்களுக்கே கொடுக்கப்பட்டது, சிறைப்பட்டோர் ஆண்டவரை விட்டு அகன்று போனவர்கள் என்றனர் (எசே. 11:15). சிறைப்பட்டோரோ உண்மையான அரசன் தங்களோடிருப்பதைப் பிடித்துக்கொண்டனர். எசேக்கியேல் தம் தரிசனங்களுக்கு நாள் குறிக்கும்போது சிதேக்கியாவின் ஆட்சியாண்டை ஓரிடத்திலும் பயன்படுத்தவில்லை. யோயாக்கீன் சிறைப்பட்ட ஐந்தாம் ஆண்டு என்று தொடங்கி (1:2), நாங்கள் சிறைப்பட்ட 25ஆம் ஆண்டு என்று தொடர்கிறார் (40:1). வேறெங்கும் ஓர் அரசனின் ஆண்டுக்கணக்கு அவன் அரியணை ஏறிய நாளிலிருந்து ஓடும். இவனுக்கோ அது இறங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. மேலும், அரசனின் சிறையிருப்பும் ஜனத்தின் சிறையிருப்பும் அவருடைய கணக்கில் ஒன்றாகிவிடுகின்றன.

கி.மு. 595-594இல் பாபிலோனிலேயே ஒரு கலகம் எழுந்ததாக மேற்சொன்ன நாளாகமம் கூறுகிறது. அது அடங்கிச் சிறிது காலத்துக்குள், அசூரின் குமாரனாகிய அனனியா ஆலயத்தில் எழுந்து நின்று, இரண்டு ஆண்டுகளுக்குள் ஆலயப் பணிமுட்டுகளோடு எகொனியாவும் திரும்பி வருவான் என்று அறிவித்தான் (எரே. 28). அனனியாவின் செய்தியில் தாவீதின் வம்சத்துக்கு விரோதமானது ஒன்றுமில்லை. ஆலயத்தின்மேல் அன்பு உண்டு. உரிமையுள்ள அரசன்மேல் பற்றும் உண்டு. எரேமியாவும் முதலில் ஆமென் என்றே சொன்னார். இதை நாம் வெறும் ஏளனமாகக் கொள்ள வேண்டியதில்லை. அவர் பின்பு அவ்விடம் விட்டுத் தம் வழியே போனார் என்று அதிகாரம் கூறுவதால், உடனடியான மறுப்பு அவர் நாவில் ஆயத்தமாக இருக்கவில்லை எனலாம். ஜனத்தின் ஏக்கம் அவருடைய ஏக்கமுமாயிருந்தது.

ஆனால் அந்த எரேமியாவே இதே அரசனைக் குறித்து மிகக் கடுமையான வார்த்தையை உரைத்தவர். கோனியா கடவுளின் வலதுகையிலுள்ள முத்திரை மோதிரமாயிருந்தாலும் கழற்றி எறியப்படுவான், இவனைப் பிள்ளையற்றவன் என்று எழுதிவையுங்கள் (எரே. 22:24-30). வகுப்பறையில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. இவனுக்குத்தான் பிள்ளைகள் இருந்தார்களே! பாபிலோனின் எண்ணெய்க் கணக்கு ஐவரைக் காட்டுகிறது, நாளாகமம் எழுவரைத் தருகிறது (1 நாளா. 3:17-18). விடை அதே வசனத்தின் பிற்பகுதியில் உள்ளது. தாவீதின் சிங்காசனத்தில் வீற்றிருக்க இவன் வித்தில் ஒருவனும் வாய்க்கப் பெறமாட்டான் என்பதே பொருள். வீட்டில் பிள்ளைகள் உண்டு; அரசர் பட்டியலில் இல்லை. எழுதுங்கள் என்ற சொல் பட்டியலைத்தானே சுட்டுகிறது!

சிறைப்பட்டோருக்கு எரேமியா எழுதிய நிருபமும் (எரே. 29) இந்தப் பின்னணியிலேயே வாசிக்கப்பட வேண்டும். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பாபிலோனின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று கூறியது, தங்கள் அரசன் அடுத்த ஆண்டே திரும்புவான் என்று மூட்டையை அவிழ்க்காமல் காத்திருந்தவர்களுக்கு. யோயாக்கீனின் உரிமையை எரேமியாவும் அனனியாவும் ஒருங்கே அறிந்திருந்தனர். அனனியா அதை இரண்டு ஆண்டு என்று கணக்கிட்டு விற்றான். எரேமியா அதன்மேல் எவ்விதக் காலக்கெடுவையும் எழுத மறுத்து, எழுபது ஆண்டு என்று ஒரு தலைமுறைக்கு எட்டாத தொலைவில் ஜனத்தின் திரும்புதலை வைத்தார். அந்தத் திரும்புதலில் எகொனியாவின் பெயர் இல்லை.

பந்தி

இனி அந்தப் பந்திக்கு வருவோம். தோற்ற அரச குடும்பத்தின் கடைசி வாரிசு, வென்ற அரசனின் பந்தியில் நாள்தோறும் போஜனம் செய்வது திருமறையில் முதன்முறையன்று. சவுலின் பேரனாகிய மேவிபோசேத்தைத் தாவீது லோதேபாரிலிருந்து அழைப்பித்துத் தன் பந்தியில் அமர்த்தினான் (2 சாமு. 9). யோனத்தானுக்காகச் செய்த தயை அது, ஐயமில்லை. ஆனால் சவுலின் வாரிசு எருசலேமில், அரசனின் கண்ணெதிரே இருப்பது அரசியலுக்கும் உகந்ததே. அப்சலோமின் கலகத்தில் தாவீது ஓடியபோது, இன்று இஸ்ரவேல் என் தகப்பன் ராஜ்யத்தை எனக்குத் திரும்பத் தரும் என்று மேவிபோசேத் எருசலேமில் தங்கிவிட்டதாகச் சீபா கோள் சொன்னான், தாவீது விசாரியாமலே நம்பிவிட்டான் (2 சாமு. 16:1-4). உரிமையுடைய ஒருவன் இரு கால்களும் முடமாகிக் கிடந்தாலும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவனல்லன்.

நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்பு, தாவீதின் வாரிசு வேறோர் அரசனின் பந்தியில் அமர்ந்திருக்கிறான். சாமுவேலின் நூல்களிலிருந்து இராஜாக்களின் இறுதிவரை ஒரே வரலாறாக வாசிப்பவருக்கு இவ்விரு பந்திகளும் எதிரெதிரே தெரியும். தாவீதின் வீடு சவுலின் வீட்டின் இடத்துக்கு வந்துவிட்டது. இதை நோத்தின் பக்கம் சாய்க்கும் சான்றாகக் கொள்ளலாம். சவுலின் வம்சத்துக்கும் நீண்ட வம்ச அட்டவணை உண்டு (1 நாளா. 8:33-40), அது பல தலைமுறை ஓடுகிறது, அதை வைத்து எவரும் அரசை எதிர்பார்க்கவில்லை. ஆகவே பந்தியும் பட்டியலும் தாமாக நம்பிக்கையாகிவிடா. தாவீதின் வீட்டை வேறுபடுத்துவது 2 சாமுவேல் 7இல் உள்ள வாக்குத்தத்தம் ஒன்றே. 89ஆம் சங்கீதத்தின் பிற்பகுதி அவ்வாக்குத்தத்தத்தைக் கடவுளின் முகத்துக்கு முன்பாக விரித்துக் காட்டி முறையிடுகிறது. விடை பெறாமலேயே முடிகிறது. இராஜாக்களின் ஆசிரியரும் விடை சொல்லவில்லை. அன்போடு பேசினான் என்கிறார். என்ன பேசினான் என்பதை நாம் அறியோம். சிங்காசனம் போடப்பட்டது என்கிறார். அது பாபிலோனில் போடப்பட்டது.

தயை காட்டிய ஏவில்மெரொதாக்கும் இரண்டு ஆண்டுக்குள், கி.மு. 560இல், தன் சகோதரியின் கணவனால் கொல்லப்பட்டான். இதை நூல் குறிப்பிடவில்லை. அதே செய்தியைத் திரும்பக் கூறும் எரேமியா 52, யோயாக்கீனின் மரண நாளையும் சேர்த்துச் சொல்கிறது. இராஜாக்களின் நூலோ அவன் உயிரோடிருந்த நாளெல்லாம் என்று கூறி, அவனைச் சாகவிடாமல் பந்தியிலேயே விட்டுவிடுகிறது.

மோதிரம் திரும்புகிறது

கி.மு. 539இல் பாபிலோன் கோரேசின் கைக்குள் வந்தது. யோயாக்கீனின் பேரனாகிய செருபாபேல் எருசலேமுக்கு வந்தான். அரசனாக அன்று, பெர்சியரின் தலைவனாக. தரியுவின் இரண்டாம் ஆண்டில், அதாவது கி.மு. 520இல், ஆகாய் தீர்க்கதரிசி அவனுக்கு ஒரு செய்தி கொண்டுவந்தார்: கடவுள் அவனை முத்திரை மோதிரமாக வைப்பார் (ஆகாய் 2:20-23). எரேமியா கழற்றி எறிந்த மோதிரத்தை ஆகாய் எடுத்து மீண்டும் விரலில் போடுகிறார் என்பதைக் கேட்டோர் உடனே உணர்ந்திருப்பர்.

எரேமியாவின் சாபம் இத்தோடு நீங்கிற்று, இழந்த அரசு திரும்பும் என்பதே ஆகாயின் கருத்து என்று பலர் விளக்குகின்றனர். நாம் அவ்வளவு தூரம் செல்லத் தயங்குகிறோம். அப்பகுதியில் சிங்காசனம் என்ற சொல் ஒரே முறை வருகிறது. அது ராஜ்யங்களின் சிங்காசனத்தைக் கடவுள் கவிழ்த்துப்போடுவார் என்பதற்காக. செருபாபேலை ஊழியன் என்கிறார் ஆகாய். அரசன் என்று சொல்லவில்லை. மோதிரம் தானாக ஆள்வதில்லை. அணிந்தவரின் கட்டளையைப் பதிப்பதே அதன் வேலை. எதிர்பார்ப்பு பெரிதாகவே இருந்திருக்கலாம்; ஆனால் தீர்க்கதரிசி தேர்ந்தெடுத்த சொற்களில் ஓர் அடக்கம் இருக்கிறது. கி.மு. 515இல் ஆலயம் கட்டி முடிக்கப்பட்டபோது செருபாபேலின் பெயர் அந்நிகழ்ச்சியில் காணப்படவில்லை. அவன் வித்தில் ஒருவரும் எருசலேமில் முடிசூடவில்லை. எரேமியாவின் வார்த்தையும் நின்றது. மோதிரமும் திரும்ப எறியப்படவில்லை.

பிற்காலத்து யூதர் இவ்விரண்டையும் எப்படி இணைப்பதென்று சிந்தித்தனர். சிறையிருப்பே பாவநிவாரணமாயிற்று, ஆகவேதான் எகொனியாவுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள் என்று தால்மூதின் சன்ஹெத்ரின் பகுதி கூறுகிறது. பாபிலோனிய யூதரின் தலைவர்களான சிறையிருப்பின் அதிபதிகள் யோயாக்கீனின் வழியாகவே தாவீதின் வம்சத்தைக் கணக்கிட்டனர். பெர்சியர், அராபியர் ஆட்சிகளின் கீழ்ப் பல நூற்றாண்டுகள் அவர்கள் நாடில்லாத அரச குடும்பமாக, வரி வாங்கி, நியாயம் விசாரித்து, அரசவைகளில் மரியாதை பெற்று வாழ்ந்தனர். பாபிலோனில் போடப்பட்ட சிங்காசனம் அங்கேயே வேர்விட்டுவிட்டது எனலாம்.

மத்தேயு வேறு வழி சென்றார். அவருடைய வம்ச அட்டவணையில் எகொனியாவின் பெயர் மறைக்கப்படவில்லை, சிறையிருப்பு என்ற சொல்லோடு சேர்த்து, இரண்டாம் பதினான்குக்கும் மூன்றாம் பதினான்குக்கும் இடையிலான கீலாக வைக்கப்பட்டிருக்கிறது (மத். 1:11-12). சபிக்கப்பட்ட வழியில் கிறிஸ்து எவ்வாறு வரலாம் என்று அஞ்சி, லூக்கா 3இல் நாத்தான் வழியாகச் செல்லும் அட்டவணையை மரியாளுடையதென்று கொண்டு தப்பித்துக்கொள்வோர் உண்டு. அத்தகைய தப்பித்தல் மத்தேயுவுக்குத் தேவைப்படவில்லை. எகொனியாவுக்குப் பின்வரும் பெயர்களில் அரசன் ஒருவனுமில்லை. செருபாபேலுக்குப் பின் அபியூத், எலியாக்கீம், ஆசோர் என்று வரும் பெயர்களைக் குறித்து நாம் வேறொன்றும் அறியோம். உரிமை அவர்கள் வழியாகவே வந்தது, அவர்கள் அதை எங்கும் கோராமலே. திருவருகைக் காலத்தில் இவ்வட்டவணையை விரைந்து கடந்துவிடும் நம் போதகர்கள் இந்தப் பெயர்களில் சற்று நின்று வாசிக்கலாம்.

தாவீதின் வம்சம் என்ற உரிமை உரோமருக்கும் அச்சம் தந்தது. எகெசிப்பு கூறியதாக யூசேபியு தம் திருச்சபை வரலாற்றின் மூன்றாம் நூலில் ஒரு நிகழ்ச்சியைத் தருகிறார். தொமித்தியான் பேரரசனின் காலத்தில், ஆண்டவரின் சகோதரனாகிய யூதாவின் பேரர் இருவர் தாவீதின் வித்தென்று குற்றஞ்சாட்டப்பட்டுப் பேரரசனின் முன் நிறுத்தப்பட்டனர். தாவீதின் வம்சத்தார்தானா என்று கேட்டான், ஆம் என்றனர். உடைமை எவ்வளவு என்று கேட்டான். இருவருக்கும் சேர்த்து 9,000 தெனாரி, அதுவும் பணமாக அன்று, 39 பிளெத்திரா நிலமாக. அதை நாங்களே உழுது, வரியும் கட்டி, பிழைத்து வருகிறோம் என்றனர். பின்பு தங்கள் கைகளை நீட்டி, உழைப்பினால் காய்த்துப்போன உள்ளங்கைகளைக் காட்டினர். கிறிஸ்துவின் அரசு எத்தகையது, எங்கே, எப்பொழுது தோன்றும் என்றும் கேட்கப்பட்டது. அது இவ்வுலகுக்குரியதன்று, முடிவிலே வெளிப்படும் என்று விடையளித்தனர். தொமித்தியான் அவர்களை எளியோரென்று இகழ்ந்து விட்டுவிட்டான். அவர்கள் சபைகளை நடத்தி, திராயான் காலம்வரை உயிரோடிருந்தார்கள்.